கை நீளும் முன்னே முதுகு

ஜாசின் பக்கத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆன ஓர் அப்பா, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்தில் பால் மரம் சீவி ஓய்வு பெற்றவர். வலது கை வலுவிழந்துவிட்டது. இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. எதிரே மேசையில் கோப்பி. நீட்டிய கைக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. நல்ல கையைத்தான் நீட்டுகிறார். பாதி வழியிலேயே உடல் ஒரு பக்கமாகச் சரிகிறது. பயந்துபோய்க் கையைப் பின்னுக்கு இழுத்து, நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொள்கிறார். "இருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று மகள் ஓடி வருகிறார்.

நம் வீடுகளில் தினமும் நடக்கும் காட்சிதான் இது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நீண்டது நல்ல கை. அது ஏன் கோப்பியை எட்டவில்லை?

கோளாறு அந்தக் கையில் இல்லை. அந்தக் கையைச் சுமந்துகொண்டு முன்னே போக வேண்டிய நடு உடலில் இருக்கிறது. தோளுக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள முதுகு, வயிறு, விலாப் பக்கங்கள் ஆகியவற்றையே இங்கு நடு உடல் என்கிறோம். பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வரும் உறவினர்கள் "கை தூக்க முடியுதா? கால் வருதா?" என்றுதான் கேட்பார்கள். "உட்கார்ந்தபடி எவ்வளவு தூரம் எட்டி எடுக்க முடியுது?" என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை எப்படி அளந்து பார்ப்பது, அளந்தால் என்ன தெரியும் என்பதே இந்த வாரப் பாடம்.

முதலில் நீங்களே செய்து பாருங்கள்

இது உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கான சோதனை. முதுகைச் சாய்க்காமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இடது கை விரல்களை உங்கள் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி இடப்பக்கத்தில் வையுங்கள். இப்போது வலது கையைச் சட்டென்று முன்னே தூக்குங்கள். விரல்களுக்கு அடியில் முதுகுத் தசை இறுகுவது தெரியும். தூக்கியது வலது கை. வேலை செய்தது இடப்பக்க முதுகு.

அடுத்த சோதனை. இரு பாதங்களையும் தரையில் நன்றாகப் பதித்து, மேசைமேல் முடிந்த தூரம் வரை கையை நீட்டி, விரல் நுனி தொட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரு பாதங்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு அதே அளவு நீட்டிப் பாருங்கள். முன்பு எட்டிய இடம் இப்போது எட்டாது. எட்டப் போனால் முன்னே விழுந்துவிடுவோம் என்று உடலே எச்சரிக்கும். கையை நீட்டும் வேலையில் பாதங்களுக்கும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு; அதாவது 3 கிலோ. கையை நேராக முன்னே நீட்டினால், அந்த எடையின் மையம் தோளிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 90 வரும். இதைச் சுமையின் திருப்பு அளவு என்று வைத்துக்கொள்ளலாம்.

கை எட்டாத இடத்துக்குப் போக வேண்டுமானால் நடு உடல் சாய வேண்டும். தலை, நடு உடல், இரு கைகள் எல்லாம் சேர்ந்தால் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 40 கிலோ. இடுப்பிலிருந்து 30 பாகை முன்னே சாய்ந்தால், இந்த 40 கிலோவின் மையம் இடுப்பைவிட ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடும். பெருக்கினால் 600.

90 எங்கே, 600 எங்கே! கோப்பியை எடுக்கும்போது கை செய்யும் வேலையைப் போல ஆறு ஏழு மடங்கு வேலையை இடுப்பும் முதுகும் செய்கின்றன. இது தோராயக் கணக்குதான். ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எது பெரிய வேலை என்பதில் ஐயமில்லை.

உட்கார்ந்திருப்பவரைத் தாங்கும் தளம் இரண்டு பகுதிகள் கொண்டது: பிட்டமும் தொடையும் நாற்காலியில் படும் பரப்பு ஒன்று, பாதங்கள் தரையில் படும் பரப்பு மற்றொன்று. உடலின் எடை மையம் இந்தத் தளத்துக்கு மேலே இருக்கும்வரை விழமாட்டோம். கையை நீட்ட நீட்ட அந்த மையம் பிட்டத்திலிருந்து நகர்ந்து பாதங்களை நோக்கிப் போகிறது. பாதம் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.

உடல் முன்கூட்டியே அறிகிறது

சுமை வந்த பிறகு தசை இறுகினால் தாமதமாகிவிடும். ஆகவே உடல் முந்திக்கொள்கிறது. 1967இல் ரஷ்ய ஆய்வாளர்கள் பெலன்கி, குர்ஃபிங்கல், பால்ட்செவ் ஆகிய மூவரும் ஒன்றைக் கண்டறிந்தார்கள். நின்றுகொண்டிருப்பவர் கையைத் தூக்கும்போது, தோள் தசை வேலையைத் தொடங்கும் முன்பே கால் தசைகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இடைவெளி நொடியில் சில நூறில் ஒரு பங்குதான். ஆனால் வரிசை மாறுவதில்லை: முதலில் அடித்தளம், பிறகு கை.

1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பால் ஹாட்ஜஸ், கரோலின் ரிச்சர்ட்சன் இருவரும் வயிற்றுப் பக்கம் பார்த்தார்கள். வயிற்றின் ஆழத்தில் இடுப்புப் பட்டைபோலக் குறுக்கே சுற்றியிருக்கும் தசை, கை தூக்குவதற்குச் சற்று முன்பே இயங்குவதைப் பதிவு செய்தார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் அதே தசை தாமதமாக இயங்கியது. தாமதத்தால் வலி வந்ததா, வலியால் தாமதம் வந்ததா என்பதை இந்த ஓர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தசையின் வலுவை மட்டும் பார்த்தால் போதாது, அது இயங்கும் நேரத்தையும் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அது மருத்துவ உலகுக்குக் கற்றுக்கொடுத்தது.

உட்கார்ந்த நிலையிலும் இதே கதைதான். எட்டாத பொருளை நோக்கிக் கையை நீட்டும் முன், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உள்ள கணுக்கால் தசை இயங்கத் தொடங்குகிறது. கோப்பியை எடுக்கப் போகிறோம் என்ற செய்தி காலுக்கு முதலில் போய்விடுகிறது.

அளவுநாடா போதும்

இதை அளக்கப் பெரிய கருவிதான் வேண்டும் என்பதில்லை. 1990இல் அமெரிக்காவில் பமேலா டங்கனும் அவர் குழுவினரும் ஓர் எளிய சோதனையை வகுத்தார்கள். சுவரில் தோள் உயரத்தில் ஓர் அளவுகோலை ஒட்டி, நின்றபடி கையை முன்னே நீட்டச் சொல்லி, பாதத்தை நகர்த்தாமல் எவ்வளவு தூரம் கூடுதலாக எட்ட முடிகிறது என்று பார்ப்பதுதான் அது. நிற்க முடியாதவர்களுக்காக இதை உட்கார்ந்து செய்யும் சோதனையாகப் பின்னர் மாற்றினார்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களிடம் 1998இல் அது பரிசோதிக்கப்பட்டது. பிறகு பக்கவாத நோயாளிகளுக்கும் வந்தது. அவர்களுக்கு முன்பக்கம் மட்டுமல்லாமல் நல்ல பக்கம், பாதித்த பக்கம் என மூன்று திசைகளிலும் அளக்கிறார்கள்.

2004இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஹேர்ட் வெர்ஹெய்டன் குழுவினர் நடு உடலுக்கென்றே ஒரு மதிப்பெண் பட்டியல் தயாரித்தார்கள். அசையாமல் உட்காருதல், சாய்ந்து திரும்புதல், தோளையும் இடுப்பையும் தனித்தனியே திருப்புதல் ஆகிய மூன்று பிரிவுகள். மொத்தம் 23 புள்ளிகள். இதற்கும் கருவி எதுவும் வேண்டாம். பயிற்சி பெற்ற கண் போதும்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். இருக்கைக்கு அடியிலும் பாதங்களுக்கு அடியிலும் விசைத் தட்டுகளை வைப்பார்கள். வீட்டு எடைக்கருவி மொத்த எடையை மட்டும் காட்டும். விசைத் தட்டோ அந்த எடை எந்தப் புள்ளியில் அழுத்துகிறது என்பதையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை காட்டும். கை நீளும்போது அந்தப் புள்ளி நேராக முன்னே போகிறதா, தடுமாறி வளைகிறதா, பாதித்த காலுக்குச் சுமை போகிறதா என்பதெல்லாம் கோடாக விழும்.

தசையின் பேச்சைக் கேட்பது

உடல் சாய்ந்தது என்று நாடா சொல்லும். எந்தத் தசை, எப்போது வேலை செய்தது என்று சொல்லாது. அதற்குத்தான் தசை மின்பதிவு.

தசை இயங்கும்போது அதன் இழைகளில் மின்மாற்றம் ஓடுகிறது. 1849இல் பெர்லினில் எமில் டு புவா ரேமோன் என்ற அறிஞர் இதைத் தம் உடலிலேயே காட்டினார். இரு கை விரல்களையும் உப்பு நீரில் நனைத்து, ஒரு கையை மட்டும் இறுக்கியபோது மின்மானியின் ஊசி அசைந்தது. தோல் தடையாக இருக்கிறதென்று, கையில் கொப்புளம் உண்டாக்கித் தோலை உரித்துவிட்டு மறுபடியும் அளந்தார்! இன்று அந்தத் துன்பம் தேவையில்லை. தோலைத் துடைத்துச் சுத்தம் செய்து, தசை ஓடும் திசையில் இரண்டு சிறு மின்முனைகளை 2 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டினால் போதும்.

கிடைக்கும் மின்னழுத்தம் மிகச் சிறியது. சுவர்க் கடிகாரத்தில் போடும் பாட்டரி 1.5 வோல்ட். முதுகில் கிடைப்பது பெரும்பாலும் அதன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பெருக்கி, நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் பதிவு செய்கிறார்கள். திரையில் புல் முளைத்ததுபோல மேலும் கீழும் கோடுகள் எழும். அமைதியாக இருந்த கோடு எந்தக் கணத்தில் எழத் தொடங்கியது என்று முதுகுத் தசைக்கும் தோள் தசைக்கும் தனித்தனியே குறித்து, இரண்டையும் ஒப்பிட்டால், எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு. ஒன்று, நடு உடலில் இதயத் துடிப்பின் மின்சாரமும் கலந்து வரும். அதைப் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டு, தோலுக்கடியில் கொழுப்பு கூடுதலாக இருந்தால் பதிவு மங்கும். ஆகவே ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணோடு நேராக ஒப்பிடக்கூடாது. அவரவரால் இயன்ற அதிகபட்ச இறுக்கத்தில் இத்தனை விழுக்காடு என்று மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். மூன்று, ஆழத்தில் உள்ள தசையைத் தோலின் மேலிருந்து சரியாகக் கேட்க முடியாது. ஹாட்ஜஸ் குழுவினர் மயிரிழை போன்ற கம்பியை ஊசிவழி தசைக்குள் செலுத்தித்தான் அளந்தார்கள். நான்கு, கோடு பெரிதாக எழுந்தால் தசை வலுவாக இருக்கிறது என்று பொருளல்ல. பயத்தில் உடலை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கும் கோடு பெரிதாகவே எழும்.

பக்கவாதத்தில் என்ன தெரிகிறது?

கைக்கு வரும் கட்டளை பெரும்பாலும் மூளையின் எதிர்ப்பக்கப் பாதியிலிருந்து மட்டும் வருகிறது. நடு உடல் தசைகளுக்கோ மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே பக்கவாதத்தில் அவை கையைப் போல முற்றாகச் செயலிழப்பது அரிது. அதனாலேயே அவற்றின் குறை கண்ணில் படாமல் போய்விடுகிறது. "நல்லாத்தானே உட்கார்ந்திருக்கார்" என்று நினைத்துவிடுகிறோம். அசையாமல் உட்கார்ந்திருப்பது வேறு, உட்கார்ந்தபடி எட்டி எடுப்பது வேறு. மின்பதிவு செய்து பார்த்தால், பாதித்த பக்க முதுகுத் தசைகள் முந்திக்கொள்ள வேண்டிய நேரத்தில் பிந்துவது தெரிகிறது. நம் கதையில் வரும் அப்பா சரிந்தது அதனால்தான்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. கனடாவில் கார்மன் சிர்ஸ்டியா, மின்டி லெவின் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பாதித்த கையை நீட்டுவோர் கை எட்டும் தூரத்திலுள்ள பொருளுக்கும் உடலையே முன்னே தள்ளுவதைக் காட்டினார்கள். முழங்கையை நீட்ட முடியாத குறையை முதுகு ஈடு செய்கிறது. எட்ட வேண்டிய இடத்துக்கு முதுகு போகாமல் இருப்பது ஒரு குறை. போகத் தேவையில்லாத இடத்துக்கு முதுகு போவது இன்னொரு குறை. வெளியே பார்ப்பவருக்கு இரண்டும் தடுமாற்றமாகவே தெரியும். சிகிச்சை ஒன்றல்ல. அளந்து பார்ப்பதன் பயன் இங்கேதான் இருக்கிறது.

பழகினால் திரும்புமா?

திரும்பும் என்பதற்குச் சான்று உண்டு. 1997இல் சிட்னியைச் சேர்ந்த கேத்ரின் டீன், ராபர்ட்டா ஷெப்பர்ட் இருவரும் பக்கவாதம் வந்து ஓராண்டுக்கு மேலான 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரம், உட்கார்ந்தபடி கைக்கு எட்டாத தூரத்தில் உள்ள பொருளை எடுத்துப் பழகினார்கள். மற்றப் பிரிவினர் கைக்குள் எட்டும் தூரத்திலேயே கைவேலை செய்தார்கள். முதல் பிரிவினர் முன்பைவிட வேகமாகவும் தூரமாகவும் எட்டினார்கள். பாதித்த காலில் கூடுதல் சுமையை ஊன்றினார்கள்; அந்தக் காலின் தசை இயக்கமும் கூடியது. நாற்காலியிலிருந்து எழும்போதும் அந்தக் காலை நன்றாக ஊன்றினார்கள். நடை வேகம் மட்டும் கூடவில்லை. எதைப் பழகினோமோ அதுவும் அதையொட்டியதுமே வரும் என்பதை இது காட்டுகிறது.

இரு பிரிவினருக்கும் இடையே இருந்த முக்கிய வேறுபாடுகளில் ஒன்று, பொருள் வைக்கப்பட்ட தூரம்.

நம் மாநிலத்தில், நம் வீட்டில்

1896இல் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் போட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அதன் பின் வந்த தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உடலை நம்பியே பிழைத்தார்கள். விடியற்காலையில் நிரைக்குப் போய், குனிந்தும் நிமிர்ந்தும் எட்டியும் மரம் சீவி, மங்கு மங்காகப் பால் எடுத்தவர்களுக்கு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கோப்பிக்கு அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது சாதாரண வேதனை அல்ல.

உதவி தொலைவில் இல்லை. மலாக்கா ஹங் துவா ஜெயாவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014 முதல் இயங்குகிறது. சொக்சோ காப்புறுதி உள்ள தொழிலாளர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப, உடலியக்கச் சிகிச்சையும் தொழில்வழிச் சிகிச்சையும் அங்கு தரப்படுகின்றன. பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் யோ 1996இல் தொடங்கிய தேசிய பக்கவாதச் சங்கத்துக்கும் மலாக்காவில் மையம் உண்டு. உங்கள் வீட்டில் யாரேனும் சிகிச்சைக்குப் போகிறார்கள் என்றால், "உட்கார்ந்து எட்டும் தூரத்தை அளந்தீங்களா? போன மாதத்தைவிடக் கூடியிருக்கா?" என்று கேளுங்கள். கேட்பது தவறில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை சில. எதையும் உங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

நாற்காலியைப் பாருங்கள். உட்கார்ந்தால் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கால் தொங்கினால் அடியில் அசையாத பலகை வையுங்கள். உள்ளே புதையும் சோபா வேண்டாம். வழுக்கும் ஓட்டுத் தரையில் இலேசான பிளாஸ்டிக் நாற்காலி ஆபத்து. கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள்.

பக்கத்தில் ஆள் வேண்டும். பாதித்த பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, சரிந்தால் உடலைத் தாங்க வேண்டும். பாதித்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள் மூட்டு கெட்டுவிடும்.

தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் கை எட்டும் இடத்தில் காலி மங்கு ஒன்றை வையுங்கள். எளிதாக எடுத்தால் இரண்டு விரல் அகலம் தள்ளி வையுங்கள். பிறகு இன்னும் கொஞ்சம். முன்னே மட்டும் வேண்டாம். இரு பக்கங்களிலும் வையுங்கள். குளியலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டித் தண்ணீரை முகக்கவும், சாமி மேசையில் பூ வைக்கவும் பக்கவாட்டில் எட்டுவதுதான் தேவைப்படுகிறது. சூடான கோப்பி கடைசியில் வரட்டும். தலைச்சுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்துங்கள்.

எழுதி வையுங்கள். மேசையில் ஓர் அளவுநாடாவை ஒட்டி, வாரம் ஒருமுறை, அதே நாற்காலியில், அதே நேரத்தில், மூன்று தடவை எட்டச் சொல்லுங்கள். முதல் தடவை பழக்கத்துக்கு. அடுத்த இரண்டின் சராசரியை நாட்காட்டியில் குறியுங்கள். அந்த எண்ணை அடுத்த முறை சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, அந்த மகளுக்கு ஒரு வார்த்தை. ஓடி வந்து எடுத்துக் கொடுப்பது அன்புதான். ஆனால் சிட்னி ஆய்வில் முன்னேறியவர்கள், கைக்கு எட்டாததை எடுத்துப் பழகியவர்கள். நாளெல்லாம் எல்லாவற்றையும் கைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டால், முதுகும் காலும் பழகுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போய்விடும். அடுத்த தடவை அப்பா கையை நீட்டும்போது, பாதித்த பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். பாதம் தரையில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கை அவரே எடுக்கட்டும்.